ஆடுதின்னாப்பாளையும் சிவப்புடல் அழகியும்

(அறக்கட்டளையின் விழா அரங்கில் ஆற்றிய உரை, அச்சுக்காகச் சில இடங்களில் விரித்தெழுதப்பட்டது)

 

உயிரிரக்கம் என்னும் பொருளில் அரைமணி நேரம் பேசுமாறு அழைப்பில் எழுதியிருந்தீர்கள். அறநூற் பொருளை எடுத்துரைக்க என்னினும் தக்கவர் இந்த அவையில் பலர் உளர். நான் தமிழ் படித்தவன். பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பிறந்தது வந்தவாசிப் பக்கம் என்றாலும், பணிக்காலத்தின் பெரும்பகுதியை இராமநாதபுரம் கடற்கரையோரத்துப் பள்ளிகளில் கழித்தேன். அங்கே நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும், அந்தப் பிழையால் எனக்கு அறிமுகமான ஒரு பட்டாம்பூச்சியைப் பற்றியும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர்ப் பள்ளியில் அப்போது தலைமையாசிரியர் பொறுப்பும் என்னிடம் இருந்தது. கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறந்த சமயம். மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்தது. மழைக்குப் பிறகு அந்தச் செம்மணல் நிலம் எப்படிப் பச்சை பிடிக்கும் என்பது அங்கே வாழ்ந்தவர்க்குத் தெரியும். சுற்றுச்சுவர் ஓரமெங்கும் பெயர் தெரியாத செடி கொடிகள் அடர்ந்திருந்தன. ஆளை வைத்து ஒரே பகலில் அனைத்தையும் கொத்திக் களையச் செய்தேன். மாலையில் வளாகம் வழித்துவிட்டாற்போல இருந்தது. எனக்கு நிறைவாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் சோற்று டப்பாவை இரு கைகளாலும் ஏந்தியபடி என் அறை வாசலில் நின்றாள். டப்பாவுக்குள் பதினொரு புழுக்கள் இருந்தன. கறுப்போடு கருஞ்சிவப்புக் கலந்த உடல். உடலெங்கும் சதைப்பற்றான செந்நிற முளைகள். பார்த்தவுடன் நான் சற்றே பின்வாங்கினேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. “சார், நீங்க வெட்டச் சொன்ன கொடியிலதான் இதுக இருந்துச்சு. ஒரு வாரமா பாத்துக்கிட்டு இருந்தேன். இப்ப எதுவுமே திங்க மாட்டேங்குது” என்றாள்.

கறிவேப்பிலை கொடுத்தோம். முருங்கைக் கீரை கொடுத்தோம். எருக்கிலையும் பூவரச இலையும் கொண்டுவந்தோம். புழுக்கள் இலைமேல் ஏறின, தலையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தன, இறங்கிவிட்டன. களைந்த கொடிகளோ முந்திய மாலையே எரிக்கப்பட்டுவிட்டன. அன்று மாலைக்குள் மூன்று புழுக்கள் அசைவற்றுப் போயின. எறும்புப் புற்றைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழக்கப்பட்ட வீட்டில் வளர்ந்தவன் நான். பொழுது சாய்ந்தபின் உண்ணாத குடும்பம் எங்களுடையது. அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நாழிகையை இன்றும் என்னால் எளிதாகக் கடக்க இயலவில்லை.

கொடியின் பெயர் தெரியாமல் எப்படித் தேடுவது? அந்தச் சிறுமி இலையின் வடிவத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினாள்: நெஞ்சு வடிவான சாம்பற்பச்சை இலை, தரையோடு தரையாகப் படரும் தண்டு. அந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு மிதிவண்டியில் புறப்பட்டேன். இரண்டாம் நாள்தான் ஊருணிக் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் விடை சொன்னார். “ஆடே திங்காதே, அதையா தேடுறீக? அந்தா கிடக்கு ஆடுதின்னாப்பாளை” என்று கோலால் சுட்டிக்காட்டினார். அதற்குள் ஏழு புழுக்கள் இறந்துவிட்டன. எஞ்சிய நான்கும் அந்த இலையைக் கண்டதும் தின்னத் தொடங்கிய வேகத்தை நான் அதுவரை எந்த உயிரிடமும் கண்டதில்லை.

அந்த நான்கில் மூன்று கூட்டுப்புழுவாகிப் பின் சிறகு விரித்தன. அப்போதுதான் அந்தப் பட்டாம்பூச்சியை முதன்முதலாக அருகில் வைத்துப் பார்த்தேன். வெல்வெட்டுத் துணி போன்ற கருஞ்சிறகு. முன்சிறகில் வெண்ணிறப் பட்டைகள். பின்சிறகின் விளிம்பில் இரண்டு வரிசையாகக் குங்குமப் பொட்டுகள். பின்சிறகின் நுனியில் தகைவிலான் குருவியின் வால்போல ஒரு நீட்சி. தலையும் வயிறும் நல்ல சிவப்பு. சிறகை விரித்தால் ஏறத்தாழ ஒரு சாண் அகலத்தின் பாதி, அதாவது 9 முதல் 11 சென்டிமீட்டர். ஆங்கிலத்தில் இதனைக் கிரிம்சன் ரோஸ் என்பார்கள். தமிழில் இப்போது பட்டாம்பூச்சி ஆர்வலர்கள் சிவப்புடல் அழகி என்று வழங்குகிறார்கள். பொருத்தமான பெயர். அந்தச் சிவப்பு உடலுக்கு ஒரு தனிக் கதை உண்டு, பின்னர் வருகிறேன்.

அறிவியற்பெயர் பாக்கிலியோப்டா ஹெக்டர். பெயரின் பிற்பகுதி 1758 இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் இட்டது. வாலுடைய பெரிய பட்டாம்பூச்சிகளை அவர் கிரேக்க வீரர், திராய் வீரர் என்று இரு படையாகப் பிரித்தார். மார்பில் குருதி நிறப் புள்ளி உடையவை திராய்ப் படை. திராய் நகரத்து இளவரசர்களில் தலைசிறந்தவன் ஹெக்டர். ஊர் அழியுமுன் களத்தில் வீழ்ந்தவன். இலங்கைக்கு எதிர்க்கரையில் பறக்கும் ஒரு பூச்சிக்கு, முற்றுகையில் அழிந்த வேறொரு நகரத்து இளவரசனின் பெயர் வாய்த்திருப்பதைத் தமிழ் படித்தவன் எப்படி வியக்காமல் இருப்பான்!

இனி அந்தக் கொடிக்கு வருகிறேன். நம் முன்னோர் பெயரிடும் திறத்தைப் பாருங்கள். ஆடு எதையும் தின்னும். ஆடு தீண்டாத இலை ஆடாதொடை என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார்கள், இதற்கு ஆடுதின்னாப்பாளை என்றார்கள். ஆடு தின்னாததற்குக் காரணம் அதனுள் இருக்கும் கசப்பான நஞ்சு. அறிவியலார் அதனை அரிசுடோலோக்கிக் அமிலம் என்பார்கள். இதே இனத்தைச் சேர்ந்தது வேலியில் ஏறிப் படரும் ஈசுரமூலி. அதைப் பெருமருந்துக்கொடி என்றும் சொல்வார்கள். சிவப்புடல் அழகியின் புழு இந்த இனத்துக் கொடிகளை மட்டுமே தின்னும். வேறு எதையும் தின்னாது. தின்னத் தெரியாது என்பதல்ல, பட்டினி கிடந்து சாகுமே அன்றித் தின்னாது. இதை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. அந்தச் சோற்று டப்பாவில் கண்டேன்.

தாய்ப்பூச்சி இந்தக் கொடியைக் கண்டுபிடிக்கும் முறை வியப்புக்குரியது. தாழப் பறந்துவந்து ஒவ்வோர் இலையாக அமர்ந்து முன்னங்கால்களால் தட்டிப் பார்க்கும். அதன் சுவையுணர்வு காலில் இருக்கிறது. இது நம் கொடிதான் என்று கால் சொன்னபிறகே இளஞ்சிவப்பு முட்டையை இலையில் ஒட்டும். புழு ஐந்து பருவங்களில் தோலுரித்து வளர்ந்து, தண்டிலோ சுவரிலோ பட்டு நூலால் இடுப்பில் ஒரு கச்சை கட்டிக்கொண்டு சாய்ந்து நின்று கூட்டுப்புழுவாகும். பார்ப்பவர் கண்ணுக்குச் சுருண்டு காய்ந்த சருகு. முட்டையிலிருந்து சிறகு வரை ஏறத்தாழ ஒரு மாதம்.

புழு தின்ற நஞ்சு அதனைக் கொல்வதில்லை. உடலில் சேமிக்கப்பட்டுப் பட்டாம்பூச்சியான பின்னும் தங்கியிருக்கிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை அடுத்தமுறை அந்தச் சிவப்பைக் கண்டாலே விலகிவிடும். ஆகவேதான் இந்தப் பூச்சி பதற்றமின்றி, தேர் அசைவதுபோல் மெல்லப் பறக்கிறது. யாரையும் துன்புறுத்தக் கருவி ஏதும் அதனிடம் இல்லை: கொடுக்கு இல்லை, கடிவாய் இல்லை. தன்னைத் தின்னாதே என்று நிறத்தால் அறிவிப்பது ஒன்றே அதன் தற்காப்பு.

இந்த அறிவிப்பைக் களவாடும் ஒரு பூச்சியும் உண்டு. நம் வீட்டுக் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பச்சைப்புழுவாய் வளரும் கறிவேப்பிலை அழகியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதற்கு நஞ்சு கிடையாது. பறவைக்கு நல்ல உணவு. அதன் ஆண்கள் யாவும் கறுப்பில் வெண்பொட்டு வரிசை உடையவை. பெண்களில் சில ஆணைப்போலவே இருக்கும்; சில நஞ்சுடைய ரோஜா அழகியைப்போல் இருக்கும்; சில சிவப்புடல் அழகியைப்போலவே, வெண்பட்டையும் செம்பொட்டுமாக வேடம் புனைந்து வரும். ஒரே தாய் ஈன்ற பெண்மக்களிடத்திலேயே இந்த வேறுபாடுகள் காணப்படும். 1865 இல் ஆல்பிரட் ரசல் வாலஸ் இந்தப் புதிரை ஆராய்ந்து எழுதினார். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு கழித்து, 2014 இல், பெங்களூரு அறிவியலாளர் கிருஷ்ணமேக் குண்டே அவர்களும் அவருடன் உழைத்தோரும் அந்த வேடத்தை ஆளுவது ஒற்றை மரபணுவே என்று காட்டினார்கள். இத்தனை திறமாகப் புனைந்த வேடத்திலும் ஒரு குறை உண்டு. சிறகு முழுவதும் பொய் சொன்னாலும் உடல் கறுப்பாகவே நின்றுவிடும். உண்மையான நஞ்சுடையவளுக்கு மட்டுமே உடல் சிவப்பு. முன்பு சொன்ன கதை இதுதான். கறிவேப்பிலை அழகிக்கு லின்னேயஸ் இட்ட பெயர் பாலிட்டிஸ். புராணத்தில் அவன் ஹெக்டரின் தம்பி. தங்கைமார் வேடமிடுவார்கள் என்று தெரிந்து வைத்த பெயர் அன்று; தற்செயல்தான், ஆனாலும் சுவையான தற்செயல்.

பிழை செய்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, அந்தப் பிள்ளைகளை இராமேசுவரம் தீவுக்கு அழைத்துச் சென்றேன். 1914 இல் கட்டப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் இரயில் ஊர்ந்து செல்ல, பிள்ளைகள் கடலைப் பார்த்துக் கூவியது இன்னும் காதில் இருக்கிறது. தனுஷ்கோடிக்கு அப்போது நல்ல சாலை இல்லை. அரிச்சல்முனை வரை சாலை வந்தது 2017 இல்தான். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் இடிந்த சுவர்களுக்கு இப்பால், மணல்மேட்டில் குடைபோல் கவிந்த உடைமரங்கள் சில நின்றன. விடியற்காலை. காய்ந்த கிளை ஒன்றில் சருகுகள் தொங்குவதாக எண்ணினேன். முன்பு டப்பா ஏந்தி வந்த அந்தப் பெண்தான் முதலில் கண்டாள். “சார், அது சருகு இல்ல” என்றாள்.

நூறு இருக்கலாம், இருநூறும் இருக்கலாம், எண்ணி முடிக்கவில்லை. சிறகு மூடி, ஒன்றன் அருகே ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இரவு தங்குவதற்கு இவை இவ்வாறு கூட்டங்கூட்டமாக ஒரே மரத்தில் அடையும் வழக்கமுடையன. ஒன்றைக் கொத்தி உமிழ்ந்த பறவை மற்றவற்றை விட்டுவிடும் என்பதால் கூட்டத்தில் அனைவருக்கும் காப்பு. வெயில் ஏறஏற ஒவ்வொன்றாகச் சிறகை விரித்து நெடுநேரம் சூடேற்றிக்கொண்டன. பிறகு இராவணன்மீசைப் புல்லுக்கு மேலே, அடப்பங்கொடி படர்ந்த மணலுக்கு மேலே, தாழ்வாகப் பறந்து போயின. சில திரும்பி வந்தன. சில அலைக்கு மேலேயே பறந்து கண்ணுக்கு மறைந்தன. பிள்ளைகளில் ஒருவன் மட்டும், “விழுந்துருமா சார்?” என்று கேட்டான். மற்றவர்கள் பேசவில்லை.

இராமேசுவரம் தீவில் இவை பெருந்திரளாகக் கூடுவது பட்டாம்பூச்சி நூல்களில் இடம்பெற்ற செய்தி. இவை வலசை போகும் இனம். நெடுந்தொலைவு பறக்க வல்லவை. தாழ்நிலத்துக்கு உரியவை எனினும் வலசைக் காலத்தில் உயர்ந்த மலைகளிலும் காணப்பட்டிருக்கின்றன. தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நடுவே மணல்திட்டுகளும் உண்டு. இந்தப் பூச்சி உலகத்தில் வாழும் இடமே பெரும்பாலும் நம் நாடும் இலங்கையுந்தான். சிவனொளிபாதமலையைச் சிங்களத்தில் சமனல கந்த என்பார்கள். பட்டாம்பூச்சி மலை என்று பொருள். பட்டாம்பூச்சித் திரள்கள் அம்மலையை நோக்கிப் போவதாக அந்நாட்டு மக்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். இரு கரையிலும் மனிதர் கடல் கடப்பதற்கு எத்தனை தாள்களும் முத்திரைகளும் வேண்டியிருக்கின்றன என்பதை மண்டபம் முகாமின் அருகே வாழ்ந்த நான் அறிவேன். அது வேறு பேச்சு.

நம் சமயம் இந்தப் பூச்சியை எங்கே வைத்திருக்கிறது என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். மெய், நா, மூக்கு, கண் என நான்கு பொறி உடைய உயிர்களின் வரிசையில் வைத்திருக்கிறது. தத்துவார்த்த சூத்திரம் புழு, எறும்பு, வண்டு, மனிதர் என ஒவ்வொரு பொறியாக ஏற்றிச் சொல்லுகிறது. தொல்காப்பிய மரபியலும் நண்டையும் தும்பியையும் நான்கறிவின என்கிறது. நான் மாணவர்க்கு இதனை ஆண்டுதோறும் பாடமாகச் சொன்னவன். தேர்வில் வினாவாகவும் கேட்டவன். ஓரறிவுயிர் புல்லும் மரமும் என்று எழுதினால் மதிப்பெண் இட்டவன். அந்த ஓரறிவுயிரைக் கொத்திக் களைந்தபோது அதன்மேல் நான்கறிவுயிர் வாழ்கிறது என்பது எனக்குத் தோன்றவேயில்லை. புழுவின் தலையில் பக்கத்துக்கு ஆறு சிறு கண்கள் உண்டென்று பின்னாளில் படித்தேன். அன்று பதினொரு புழுக்களும் சேர்ந்து நூற்று முப்பத்திரண்டு கண்கள்.

நாம் நடக்கும்போது கீழே பார்த்து நடக்கிறோம். நீரை வடிகட்டுகிறோம். விளக்கில் விட்டில் விழாமல் மூடி வைக்கிறோம். காலடியில் வரும் உயிரைக் காப்பதில் நம் குடும்பங்களுக்கு நல்ல பயிற்சி உண்டு. ஆனால் கோயில் வளாகமானாலும் வீட்டுக் கொல்லையானாலும், தூய்மை என்று வந்துவிட்டால் களைக்கொத்தைக் கையிலெடுக்கிறோம். இப்போது களைக்கொல்லி மருந்தும் வந்துவிட்டது. அரசும் ஏறத்தாழ நம்மைப் போலத்தான். 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பின்னர் இந்தப் பூச்சியும் சேர்க்கப்பட்டது. அப்போது புலிக்கு உரிய காவல் இதற்கும் இருந்தது. இதைப் பிடித்து ஊசி குத்தி வைத்தவர்மேல் வழக்குத் தொடர முடிந்தது. பள்ளிச் சுவரோரத்து ஆடுதின்னாப்பாளையை வேரோடு எரித்த தலைமையாசிரியரை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாறாக, வளாகம் தூய்மையாக இருக்கிறதென்று பார்வையிட வந்தவர் பதிவேட்டில் பாராட்டி எழுதிவிட்டுப் போனார். அந்தப் பாராட்டுக்குக் கீழே நான் கையொப்பமும் இட்டேன்.

அதன்பின் அப்பள்ளியில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். மேற்குச் சுவரோரம் நாலு முழ அகலத்துக்குக் களை எடுப்பதில்லை. ஆடுதின்னாப்பாளை தானாகவே மீண்டும் முளைத்தது. வேர் ஆழத்தில் இருந்திருக்கிறது. அடுத்த மழைக்குப் பிறகு புழுக்களும் வந்தன. சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல் பிரிந்த செம்மஞ்சள் உறுப்பை நீட்டிக் கெட்ட நாற்றம் விடும். பிள்ளைகளுக்கு அதைப் பார்ப்பதில் பெருங்களிப்பு. சீண்டக்கூடாது என்று அந்தப் பெண்ணே காவல் நின்றாள். அந்தக் கொடியின் பூவும் பார்க்கத் தக்கது. குழல்போன்ற பூவுக்குள் உள்நோக்கிய மயிர்கள் இருக்கும். உள்ளே நுழைந்த சிற்றீ வெளியேற இயலாது. மகரந்தம் முதிர்ந்தபின் மயிர்கள் தளர்ந்து வழிவிட, ஈ பொடி பூசிக்கொண்டு வெளியே போகும். சிறைதான், ஆனால் கொலை இல்லை.

அஞ்ச வேண்டிய செய்தி ஒன்றும் சொல்லியாக வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்களில் சிலர் இந்தக் கொடிகளைப் பூச்சிக்கடிக்கும் வயிற்றுப் புழுவுக்கும் மருந்தாக அறிந்திருப்பீர்கள். பெல்ஜியம் நாட்டில் உடல் இளைக்க வேண்டி இவ்வினத்து மூலிகை கலந்த மருந்தை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் செயலிழந்து துன்புற்றது 1993 இல் வெளிவந்தது. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, இதிலுள்ள அமிலத்தை மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதியானவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது. ஆட்டின் அறிவை நாம் மதிப்பது நன்று.

ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் திரும்பியபோது, தொட்டியில் ஒரு ஈசுரமூலிக் கொடியைக் கொண்டுவந்தேன். கிணற்றடிக் கம்பியில் ஏறி, இப்போது மாடிச் சுவர் வரை போயிருக்கிறது. என் துணைவியாருக்குத் தொடக்கத்தில் அந்தப் புழுக்களைப் பிடிக்கவில்லை. இப்போது துணி உலர்த்தும் கொடிக்கயிற்றில் கூட்டுப்புழு ஒன்று கச்சை கட்டி நின்றால், அந்தக் கயிற்றை விட்டு வேறு கயிற்றில் துணி போடுகிறார். சென்ற வாரம் எண்ணியபோது ஆறு புழுக்கள் இருந்தன. கொடியின் இலை ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும், கவலையில்லை.

அந்தக் கொடியின் காய் முற்றினால் கீழிருந்து மேலாக வெடித்து, கவிழ்த்த குடைபோல் காம்பில் தொங்கும். காற்று வீச விதை சிதறும். சிதறுமுன் சேர்த்த விதைகளைச் சிறு பொட்டலங்களாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். வாசல் மேசையில் விழா மலர் வழங்குமிடத்தில் வைத்திருக்கிறார்கள். குடும்பத்துக்கு ஒன்று போதும். வேலியோரத்தில் ஊன்றுங்கள், குழந்தைகள் இலையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலையெல்லாம் புழு தின்றுவிட்டது என்று என்னிடம் முறையிட வேண்டாம். அதற்காகத்தான் விதை தருகிறேன்.